மொட்டைமாடியில் ஒரு கள்ளிமுளையான்

என் கணவர் எனக்குப் பூ வாங்கி வந்த நாட்களை எண்ணிவிடலாம். செடி கொண்டுவந்தது ஒரே ஒரு முறைதான். அப்போது அவர் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது புருவம்வரை வெள்ளைத் தூசி படிந்திருக்கும். ஆடி மாதம் ஒரு சாயங்காலம், கக்கத்தில் காலி சிமெண்டுச் சாக்கு ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார். படியில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். உள்ளே விரல் தடிமனில் ஏழெட்டுத் தண்டுகள் ஒரே கொத்தாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாலு விளிம்பு. சாம்பல் பூத்த பச்சை. வேரில் கொஞ்சம் செம்மண்ணும் சரளையும் ஒட்டியிருந்தன.

"என்ன இது?" என்றேன்.

"செடி."

"செடின்னா இலை எங்க?"

"இலையே கெடையாது. கள்ளின்னு நெனச்சுக் கிள்ளிப் பாத்தேன், பாலும் வரல. என்னமோ புதுசா இருக்கேன்னு கொண்டாந்தேன்."

லோடுக்காக லாரி காத்து நின்றபோது, பக்கத்துத் தரிசை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்களாம். ஒரு முள்புதரைப் புரட்டியதும் அடியில் இது கிடந்திருக்கிறது. ஜேசிபிக்காரரிடம் செத்த நேரம் நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய் எடுத்திருக்கிறார்.

"எனக்கு எதுக்கு?"

"மூணு ரோசாச் செடியக் கொன்னுட்ட. இதயாவது கொல்லாம வச்சிருக்கியான்னு பாப்போம்."

ரோஜாக்கள் செத்ததற்கு எங்கள் ஊர்த் தண்ணீரைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று பிடித்து வைப்பதைத்தான் மறுபடி வரும்வரை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆனாலும் செடிகளுக்கு மட்டும் நான் குறை வைத்ததில்லை. அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் மொட்டைமாடிக்குத்தான் போகும். இந்தச் செடியையும் நல்ல தொட்டியாகப் பார்த்து, கரிசல்மண்ணும் மாட்டு எருவும் கலந்து நட்டேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறும் முன் ஒரு சொம்பு, சாயங்காலம் வந்ததும் ஒரு சொம்பு. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. எங்கள் ஒரே மகள் படிப்பு முடிந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள எனக்கு வேறு ஆள் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் அவர் விழுந்தார். லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு நழுவியிருக்கிறது. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்தைந்து வருடம் ஓரிடத்தில் உட்காராத மனுஷன் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். பேச்சும் குறைந்தது. என்ன கேட்டாலும் "ம்" என்பார். சாப்பாடு நன்றாக இருக்கிறதா, ம். வலிக்கிறதா, ம்.

நான் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டேன். செடிக்குச் சொம்பு ஊற்றுவதையும் விடவில்லை. ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் நடுத்தண்டு சாய்ந்து கிடந்தது. தூக்கினேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகக் குழைந்து நாறியது. மற்ற தண்டுகளை அழுத்திப் பார்த்தேன். எல்லாமே அடியில் மெத்தென்று இருந்தன.

அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லாமலே தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அன்றைக்குப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்று நடந்தது. கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்தும் பேராசிரியை ஒருவர் மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருவார். என் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்து முடித்து, அவர் தன் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது, செல்போனில் இருந்த செடியின் பழைய படத்தைக் காட்டினேன். அவர் பஞ்சை விட்டுவிட்டார். ரத்தம் கசிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"இது எங்க கெடைச்சது உங்களுக்கு?"

சொன்னேன்.

"கள்ளிமுளையான்ல இது பெரிய ரகம். சின்ன ரகமே இப்பக் கண்ணுல படுறதில்ல. கரட்டுக்காடு எல்லாம் சுத்தம் பண்ணப் பண்ண இது போயிட்டே இருக்கு. நல்லாருக்கா?"

"அழுகிப் போச்சு மேடம். தெனம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துனேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் சொன்னார். அழுகின பாகம் துளிகூட இல்லாமல் வெட்ட வேண்டும். வெட்டினதை உடனே நடக்கூடாது, ஒரு வாரம் நிழலில் காயவிட வேண்டும். எரு வேண்டாம், கரிசல் வேண்டவே வேண்டாம், முக்கால்வாசி கல்லாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "எடுத்திட்டு வா" என்றார்.

கட்டிலில் செய்தித்தாளை விரித்துத் தண்டுகளைப் பரப்பினோம். அவர் சவர பிளேடால் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக் கொடுத்தேன். அது எனக்குப் பழகின வேலை. வெட்டின முகத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் ஓர் அங்குலம் மேலே வெட்டுவார். தண்டு முழுக்கப் பழுப்பாகவே இருந்தால் தள்ளிவைப்பார். கடைசியில் சுத்தமான வெளிர்பச்சை முகத்தோடு இரண்டே துண்டுகள் மிஞ்சின. விரல் நீளம் இருக்கும். மஞ்சள்தூள் தொட்டு ஜன்னல் கட்டையில் வைத்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்னோடு பேசியது, அதற்கு முந்தின இரண்டு வாரத்தில் பேசியதைவிட அதிகம்.

அவரோடு லாரி ஓட்டிய நண்பர் ஒருவர் பார்க்க வந்தபோது, ஆரஞ்சுப்பழத்தோடு அரைச் சாக்கு செவல்மண்ணும் பொடிக்கல்லும் கொண்டுவந்து போட்டார். எட்டாம் நாள் நட்டோம். ஒரு துண்டு மறுபடியும் அழுகிப்போனது. இன்னொன்று அப்படியே நின்றது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை. தைப் பிறப்பு வாக்கில் லேசாக ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வேர் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு தண்ணீர் விடும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். பொறுப்பு என்றால் பெரும்பாலும் விடாமல் இருப்பதுதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரை டம்ளர். ஜன்னல் வெளிச்சம் போதாமல் தண்டு வெளிறி நீளவும், வெயில் வேண்டும் என்று பேராசிரியை சொன்னார். நான் தொட்டியைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டேன். அதில் ஒரு சிக்கல் வந்தது. இனி அவரால் அதைப் பார்க்க முடியாது.

"எப்பிடி இருக்கு?" என்பார் தினமும்.

"அப்பிடியேதான் இருக்கு."

"தண்ணி ஊத்துனியா?"

"இல்ல."

"ஊத்திருப்ப."

அப்போது அவர் வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். மாசி மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். கட்டிலில் ஆள் இல்லை. குளியலறையிலும் இல்லை, பின்கட்டிலும் இல்லை. வாக்கர் மட்டும் மாடிப்படிக்குக் கீழே நின்றது. கூப்பிட்டுக்கொண்டே படியேறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செடித் தொட்டி. சட்டையெல்லாம் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"எப்பிடி ஏறுனீங்க?"

"உக்காந்து உக்காந்து. முதுகுப்பக்கமா. கைய ஊண்டி ஒவ்வொரு படியா."

"எப்ப?"

"மத்தியானம் சாப்புட்டு."

"இம்புட்டு நேரம் என்ன பண்ணுனீங்க?"

"எறங்கத் தெரியல. ஏறயில இம்புட்டு உயரம்னு தெரியல."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. செல்போனை எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கீழேயே மறந்துவிட்டாராம். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். முகத்தைச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் வந்து தூக்கி இறக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. நான் போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன். பாதி குடித்தார். மிச்சத்தைச் செடியின் பக்கம் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் முன்னால் நிற்க, பதினேழு படியையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கினார். அரைமணி நேரம் ஆனது.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் நான் புகார் சொன்னேன். அவரோ, படி ஏற ஆசை வந்துவிட்டால் நல்லதுதான் என்று சொல்லி, எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் பின்னால் வர அவர் ஏறுவார். செடியைப் பார்ப்பார். இறங்குவார்.

சித்திரையில் செடி சுருங்கியது. விளிம்புகள் மடிந்து, தோல் சுருக்கம் விழுந்து, நிறம் தவிட்டு நிறமாக மாறியது. பார்க்கவே பாவமாக இருந்தது. தண்ணீர் விடலாம் என்று நான் சொல்ல, அது வெயில் காலத்தில் அப்படித்தான் தூங்கும் என்று அவர் சொல்ல, நாலு நாள் வாக்குவாதம் நடந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் துணி காயப்போடும் சாக்கில் போய் ஒரு டம்ளர் ஊற்றினேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நான் ஊற்றினேன்.

காலையிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். மண் கறுத்திருந்தது. தொட்டியைச் சாய்த்து வடியவைத்தார். அவ்வளவு நேரம் குனிய அவரால் முடியவில்லை. நான் பிடிக்கப் போனேன்.

"விடு" என்றார். "ஏட்டி, நான் கக்கூசுக்குப் போனாலும் வாசல்ல வந்து நிக்குற. சோத்தப் பெசஞ்சு வைக்குற. கைக்கு என்ன ஆச்சு எனக்கு? காலுதான ஒடஞ்சிருக்கு. எங்க ரெண்டு பேரையும் செத்த நேரம் சும்மா விடேன்."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே போனேன். ஆறு மாதம் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, இவரையும் தூக்கி நிறுத்தினதற்கு இதுதான் கிடைத்தது என்று மனம் எரிந்தது. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தேன். அன்றைக்கு அவருக்கும் சோற்றைப் பிசைந்துதான் மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அவர் அப்படி வைக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து சோறும் குழம்பும் தனித்தனியாக வைத்தேன். அவர் குளிக்கும்போது அடுப்படியில் வேலை பார்த்தேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

கோடை மழை பெய்ததும் செடி தானாகத் தெளிந்தது. அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பின. ஆவணிக்குள் நாலு தண்டு. அவரும் ஒரு கைத்தடியோடு நடமாடினார். ஆனால் வலது கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. கனரக வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பஸ் டிரைவரின் வலது கால் பிரேக்கை மிதிப்பதையே அவர் பார்த்துக்கொண்டு வந்தார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாடியையும் பக்கத்து வீட்டு மாடியையும் இடுப்புயரச் சுவர்தான் பிரிக்கும். அந்த வீட்டு அக்கா மோர்மிளகாய் காயவைக்க வந்தவர், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களோடு தமிழ்தான், ஆனால் பதற்றம் வந்தால் தெலுங்கு முந்திக்கொள்ளும்.

"ஏமி கம்பு இதி" என்றார்.

கம்பு என்றால் அவர்களுக்கு நாற்றம். நான் கல்யாணமாகி வந்த புதிதில், நம் வீட்டில் கம்பே இல்லையே என்று பதில் சொல்லி அவமானப்பட்டிருக்கிறேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்தே ஒரு நாற்றம். எலி செத்த நாற்றம்.

"தண்ணித் தொட்டிக்குள்ள எலி விழுந்து கெடக்கோ என்னமோ. அந்தத் தண்ணியத்தான குடிக்கிறீங்க?" என்றார்.

அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியுமா. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. டார்ச் அடித்தால் தண்ணீருக்கு அடியில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வால்வைத் திறந்துவிட்டோம். குழாய்த் தண்ணீர் வந்து ஆறு நாளாகியிருந்தது. இருந்த தண்ணீரெல்லாம் மாடித் தளத்தில் ஓடித் தெருவில் விழுந்தது. தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் கைத்தடியை வைத்துவிட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கறுப்பாகத் தெரிந்தது அடியில் படிந்த வண்டல். எலி இல்லை, பல்லிகூட இல்லை.

"அப்ப நாத்தம் எங்கருந்து வருது?" என்றேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் கையை நீட்டினார். "அங்க என்ன, அம்புட்டு ஈ?"

செடித் தொட்டியைச் சுற்றி ஈக்கள். நடுத்தண்டின் உச்சியில் ஒரு பந்து உட்கார்ந்திருந்தது. முந்தின வாரம் மொட்டுகளாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தோம். இப்போது நாற்பது ஐம்பது சின்னப் பூக்கள் ஒன்றாக விரிந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருந்தது. நான் தினமும் பார்க்கிற நிறம். குனிந்து முகர்ந்த அவர் சட்டென்று பின்னால் வந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் விழுந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்துகொண்டார். காலியான தண்ணீர்த் தொட்டியைப் பார்த்ததும்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. அக்கா தன் வீட்டு போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸை எங்கள் தொட்டிக்குள் விட்டார். பூ உதிரும்வரை செடியை மேற்கு மூலைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

ஈயைக் கண்டால் எனக்கு ஆகாது. பரிசோதனைக் கூடத்தில் ஓர் ஈ பறந்தாலும் அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அன்றும் கை தானாக ஓங்கியது.

"வெரட்டாத" என்றார் என் கணவர். "அது வந்தாத்தான் காய் பிடிக்கும்."

ஈக்கள் வந்தன. காய் பிடிக்கவில்லை. பூக்கள் வாடி உதிர்ந்து காம்பு மட்டும் நின்றது. அடுத்த முறை சர்க்கரை பார்க்க வந்த பேராசிரியையிடம் கேட்டேன். நாலு தண்டும் ஒரே செடியிலிருந்து வந்தவைதானே, வேறு செடியின் மகரந்தம் வேண்டியிருக்கலாம் என்றார்.

"வேற செடிக்கு எங்க போக?" என்று நான் வீட்டில் வந்து சொன்னதும், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். இப்போதேவா என்றேன். பூக்கிற காலத்தில் போனால்தான் கண்டுபிடிக்க முடியும் என்றார்.

மறுநாள் விடுமுறை. நான் ஸ்கூட்டர் ஓட்ட, அவர் பின்னால் கைத்தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெதுவாகப் போ, ஹாரன் அடி, இண்டிகேட்டரை அணை என்று வத்திராயிருப்பு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். காட்டுப் பகுதிக்குள் போகக் கூடாது, செடியைத் தொட்டால் வனத்துறை பிடிக்கும் என்பதால், வ. புதுப்பட்டிக்கும் கான்சாபுரத்துக்கும் இடையில் உள்ள புஞ்சைக் கரடுகளாகப் பார்த்து நிறுத்தி நிறுத்தி விசாரித்தோம். செல்போனில் படத்தைக் காட்டினால் பாதிப் பேர் கள்ளி என்றார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பலாம் என்று நினைத்தபோது, ஒரு கரட்டடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார். படத்தைப் பார்த்ததும் சொன்னார்.

"எருமைமொளையான். சின்னத உப்பு, புளி, மொளகா வச்சு அரைப்போம். இது கசக்கும். ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும். மருந்துக்கா கேக்குறீக?"

"மருந்துக்கில்லக்கா. வீட்ல ஒண்ணு இருக்கு. ஒத்தையா நிக்குது, காய் பிடிக்க மாட்டேங்குது."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சம்பந்தம் பேச வந்திருக்கீகன்னு சொல்லுங்க. ஒங்க வீட்டுல இருக்கது மாப்பிள்ளையா, பொண்ணா?"

"அது தெரியலயே" என்றார் இவர்.

"வாங்க."

கிளுவைப் புதர்களுக்கு நடுவே நடந்தோம். இவருக்கு ஏற்றம் கஷ்டமாக இருந்தது. நான் முன்னாலேயே போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அந்த நாற்றம் வந்தது. பின்னாலிருந்து "இங்கதான், இங்கதான்" என்ற இவருடைய குரல் கேட்டது. புதருக்குள் கையகல நிழலில், பாறை இடுக்கில், எங்களுடையதைப் போல மூன்று மடங்கு பெரிய கொத்து ஒன்று இரண்டு பூப்பந்துகளோடு நின்றது.

"யாரு நெலம்க்கா இது?"

"எங்க புஞ்சதான். மழையில்லாம மூணு வருசமாச் சும்மா கெடக்கு. ஒரு தண்டு எடுத்துக்கோங்க. மிச்சத்த விட்ருங்க, ரொம்ப நாளா நிக்குது."

ஓரத்துத் தண்டு ஒன்றை இவர் பிளேடால் வெட்டிக் கைக்குட்டையில் சுற்றினார். அந்தப் பெண் எங்களுக்கு மோர் கொடுத்தார். காய் பிடித்தால் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

காயவைத்து, நட்டு, காத்திருக்க ஒரு வருடம் ஆனது. அதற்கிடையில் இவருக்கு ஓர் எடைமேடையில் வேலை கிடைத்தது. லாரிகள் வந்து ஏறி நிற்க, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை பார்த்து அனுப்ப வேண்டும். முதல் மாதம் முகம் தொங்கிப்போய்த்தான் வருவார். பழைய டிரைவர்கள் ஜன்னலில் வந்து நின்று பேசத் தொடங்கினதும் கொஞ்சம் சரியானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் நெடுஞ்சாலையில் லோடு லாரி தாண்டிப்போனால் பேச்சை நிறுத்திவிடுவார்.

அடுத்த புரட்டாசியில் இரண்டு தொட்டியும் ஒரே வாரத்தில் பூத்தன. பக்கத்து வீட்டு அக்கா மோர்மிளகாயைக் கீழ் முற்றத்துக்கு மாற்றிக்கொண்டார். ஐப்பசியில் எங்கள் செடியின் பூங்காம்பிலிருந்து இரண்டு காய்கள் ஆட்டுக்கொம்பு போல ஜோடியாக மேல்நோக்கி நீண்டன. வெடித்தால் விதை பறந்துவிடும் என்பதால், மருத்துவமனைகளுக்காக எங்கள் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு சின்னப் பை தைத்துக் கட்டினேன். தை முடிவில் காய் பிளந்தது. பைக்குள் வெள்ளைப் பட்டு நூலோடு தட்டைத் தட்டையான விதைகள்.

தயிர் டப்பாக்களில் விதைத்தோம். ஐந்தாம் நாளே பச்சைப் புள்ளிகள் எழும்பின. அன்றைக்கு இவர் கைத்தடியை ஊன்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கொஞ்ச நாளைக்கு ஈரம் வேணுமாம். தெனம் தெளிக்கணுமாம். எனக்கு அது வராது. நீ பாத்துக்கோ" என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். மருந்து தெளிக்கும் சின்னக் குப்பியில் காலை மாலை தெளித்தேன். அப்படியும் மாவுப்பூச்சி வந்து பாதிக்கு மேல் போய்விட்டது. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து பஞ்சில் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பதினோரு நாற்றுகளைக் காப்பாற்றினேன். மூன்றைப் பேராசிரியை கல்லூரித் தோட்டத்துக்கு வாங்கிப்போனார். இரண்டு எங்கள் மாடியில் இருக்கின்றன. ஆறை, அடுத்த ஐப்பசியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி ஆடு மேய்க்கும் அந்தப் பெண்ணின் புஞ்சைக்குக் கொண்டுபோனோம். கிளுவை நிழலாகப் பார்த்து அவரே இடம் காட்டினார். சின்னச் சின்னதாகக் கல் அடுக்கி வைத்தோம்.

போன மாதம் போய்ப் பார்த்தோம். ஆறில் இரண்டுதான் இருக்கின்றன. ஒன்றை முள்ளம்பன்றி தோண்டிவிட்டதாம். மூன்று என்ன ஆயின என்று தெரியவில்லை. இருக்கிற இரண்டும் சுண்டுவிரல் அளவு, அங்கேயே முளைத்தவை போலச் சாம்பல் பூத்து நின்றன. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. ஓடுவதற்கு இடமில்லை. அந்தப் பெண் தன் பிளாஸ்டிக் விரிப்பை விரித்துப் பிடிக்க, மூன்று பேரும் அதற்கடியில் குந்தினோம். ஆடுகள் புதரோரம் ஒடுங்கி நின்றன.

"இந்த மழை நின்னு பெஞ்சா இந்த வருசம் சோளம் வெதைச்சிரலாம்" என்றார் அவர்.

"நின்னு பெய்யும் போலத்தான் இருக்கு" என்றார் இவர்.

விரிப்பின் ஓரத்தில் வடிந்த தண்ணீர் செம்மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு கீழே புஞ்சைக்குள் இறங்கியது. மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.